சாக்கில் விளையும் சர்க்கரைவள்ளி

சென்னை மணலியில் பலருக்கும் தோட்டம் என்றால் மொட்டைமாடிதான். சர்க்கரைவள்ளிக்கு அது தாராளம். அரிசிச் சாக்கில் செம்மண்ணும் மணலும் மட்கிய சாணமும் நிரப்பி, கொடியின் நுனியை ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். துவண்ட இலைகள் சில நாளில் நிமிர்ந்துவிடும்.

யூரியா தயாராகும் ஊர் இது. ஆனால் இந்தக் கொடிக்கு அதை அள்ளிப் போட்டால் தழைதான் மண்டும், கிழங்கு திரளாது. விறகுச் சாம்பல் ஒரு கை போதும். வெடிப்பு விழுந்தால் மண் அணையுங்கள். கூன்வண்டு அந்த வழியாகத்தான் கிழங்கை அடையும்.

செப்டம்பரில் நட்டால் பொங்கலுக்குக் கிழங்கு. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காமல் சாக்கின் அடியில் துளை வேண்டும். திருவனந்தபுரத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தந்த ‘பூ சோனா’ ரகத்தின் சதை நல்ல ஆரஞ்சு நிறம். வைட்டமின் ஏ-க்கு மூலமான பீட்டா கரோட்டின் அதில் ஏராளம்.

தோண்டியதும் வேகவைக்காதீர்கள். சில நாள் நிழலில் கிடந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதுவரை இளந்தளிரைப் பருப்போடு கடையலாம், அருமையான கீரை.