தாழ்ந்த கடலும் ஈர்ப்பாராய்ச்சியும்

கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை நீண்டு கிடக்கும் நமது கரையில் நின்று மேற்கே நோக்குபவர்க்குக் கடல் எங்கும் ஒரே மட்டமாகவே தோன்றும். ஆயினும், துருவங்களிற் சற்றுத் தட்டையான சீர்மையுள்ள கோளமாகப் பூமியைப் பாவித்து வகுத்த கணித மட்டத்தோடு ஒப்பிட்டால், அக்கடற்பரப்பு ஏறத்தாழ நூறு மீற்றர் தாழ்ந்து கிடக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே இத்தாழ்வு 106 மீற்றரை எட்டுகிறது. பூகோளம் முழுவதிலும் இதனினும் தாழ்ந்த கடற்பரப்பு வேறில்லை. செய்மதி வழிகாட்டிக் கருவியொன்றை எவ்விதத் திருத்தமுமின்றி நம் மணற்கரையில் வைத்துப் பார்த்தால், நாம் தொண்ணூறு மீற்றருக்கு மேல் நீருக்குள் அமிழ்ந்திருப்பதாக அது காட்டுவதன் காரணம் இதுவே.

இத்தாழ்வை நமது வள்ளக்காரர் எவரும் உணர்ந்ததில்லை, உணரவும் இயலாது. புத்தளத்து உப்பளப் பாத்தியில் விட்ட நீர் எந்த நியதியால் மட்டமாக நிற்கிறதோ, அதே நியதியாற்றான் மகாசமுத்திரமும் நிற்கிறது: ஈர்ப்பு இழுக்கும் திசைக்குச் செங்குத்தாகத் தன் மேற்பரப்பை அமைத்துக்கொள்வது நீரின் சுபாவம். ஈர்ப்பு குன்றிய இடத்தில் அப்பரப்புத் தாழும்; அவ்வாறு தாழ்ந்த பரப்பே அங்கே மட்டமாதலின், அதில் நீர் ஓடுவதுமில்லை, ஓடம் சரிவதுமில்லை. ஈர்ப்பின் குறைவோ இருபதினாயிரத்தில் ஒரு பங்கு அளவினதே. ஆனால் அது முப்பது இலட்சம் சதுர கிலோமீற்றர் அளவில் விரிந்து கிடப்பதால் விளைவு பெரிதாகிறது.

1948ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தவர் வெனிங் மெயினேஸ் என்ற ஒல்லாந்து அறிஞர். அலைகளின் ஆட்டம் எட்டாத ஆழத்தில் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஊசல்களை ஆடவிட்டு, அவற்றின் ஆட்டக் காலத்திலிருந்து ஈர்ப்பைக் கணித்த பொறுமைசாலி அவர். அவருக்குப் பின் எழுந்த வினா, இக்குறைவுக்கு ஹேது யாது என்பது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த தேபஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் ஆகிய இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை கூறுகிறது. பதினான்கு கோடி ஆண்டுகளின் பூதல மாற்றங்களைப் பத்தொன்பது விதமாகக் கணினியில் நிகழ்த்திப் பார்த்து அவர்கள் கண்ட முடிபு யாதெனின், இந்தியத் துணைக்கண்டம் வடக்கு நோக்கி நகர்ந்தபொழுது மறைந்துபோன தெதிஸ் சமுத்திரத்தின் அடித்தகடுகள் பூமியின் ஆழத்திற் புதைந்து, ஆபிரிக்காவின் கீழுள்ள உஷ்ணப் பிண்டத்தைக் கலக்க, அங்கிருந்து கிளம்பிய இலேசான சூடுடைப் பாறைப்பொருள் நமது கடலின் கீழ் வந்து பரவியது என்பதாகும். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாழ்வு இன்றைய உருவைப் பெற்றிருக்க வேண்டுமாம்.

இவ்விளக்கம் என்னைப் பெரிதும் கவர்கிறது. எனினும், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளுவதற்கில்லை. பத்தொன்பதில் சிலவே உண்மை அளவைகளோடு ஒத்துவந்தன. அவ்வுஷ்ண ஓட்டத்தைக் கடலடி நில அதிர்வுக் கருவிகள் நேரிற் காட்டும்வரை ஐயத்துக்கு இடமுண்டு.

அளக்கும் முறைகளோ வெகுவாக மாறிவிட்டன. 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்னும் இரட்டைச் செய்மதிகள், சுமார் 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, அவ்விடைவெளி நுண்ணளவிற் கூடிக் குறைவதைக்கொண்டு கீழுள்ள பொருளின் நிறையை உணர்ந்தன. இவ்வாறே, 2002 முதல் 2008 வரையிலான காலத்தில் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா மாநிலங்களின் நிலத்தடி நீர் 109 கன கிலோமீற்றர் குறைந்தமை வெளிப்பட்டது. எனினும், சில நூறு கிலோமீற்றருக்கு உட்பட்ட எதனையும் அவற்றின் பார்வை பிரித்தறியவில்லை. கற்பிட்டிக் குடாநாடு முழுவதும் அதற்கு ஒரு புள்ளியுமன்று.

இக்குறையை நீக்க வந்தது அணுக்கருவி. 1991இல் கசெவிச், சூ ஆகியோர் செய்துகாட்டிய உபாயத்தின்படி, லேசர் ஒளியாற் குளிரூட்டிய அணுக்களை விழவிட்டு, ஒவ்வோர் அணுவும் ஒரே வேளையில் இரு பாதைகளிற் சென்று மீண்டும் கலக்கும் விந்தையிலிருந்து ஈர்ப்பை நூறு கோடியில் ஒருசில பங்கு நுட்பத்துடன் அறியலாம். 2022இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் தெருவுக்கடியிலுள்ள சுரங்கமொன்றை இவ்வகைக் கருவியாற் கண்டுபிடித்தனர். மணலில் மூன்றிலொரு பங்கு இடைவெளி உண்டெனக் கொண்டால், கிணற்று நீர்மட்டம் பரந்த நிலத்தில் ஒரு மீற்றர் இறங்குமிடத்து மேலே ஈர்ப்பு நூறு கோடியிற் பதினான்கு பங்கு குறையும். கணக்கு எளியது, அளவும் கருவிக்கு எட்டக்கூடியது.

ஆயினும் இக்கருவியில் இரு பாதைகளிற் செல்லும் அணுவே குவாண்டம் விதிப்படி நடக்கிறதேயன்றி, ஈர்ப்பும் அவ்விதிக்கு உட்பட்டதா என்பது தெரியவில்லை. சென்னைக் கணித விஞ்ஞானக் கழகத்திலிருந்து ரொமேஷ் கௌல், பார்த்தசாரதி மஜும்தார் இருவரும் ஈர்ப்பை அவ்விதிக்கு உட்படுத்தி 2000ஆம் ஆண்டளவில் கருந்துளையின் என்ட்ரொபிக்குக் கண்ட நுண்திருத்தம் போன்ற சிறந்த கணிதங்கள் பலவற்றைப் பரிசோதனையால் தொடும் வழி இன்னும் இல்லை. இலண்டனில் ஆராயும் சௌகத்தோ போஸும் சகாக்களும் 2017இல் முன்வைத்த யோசனையே எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது: இரு நுண்துகள்கள் ஈர்ப்பு ஒன்றினாலேயே குவாண்டம் பிணைப்புற்றால், ஈர்ப்பும் குவாண்டம் இயல்புடையதாதல் வேண்டும். அச்சோதனை இன்னும் நிறைவேறவில்லை.

அது எவ்வாறாயினும், வெங்காயமும் மிளகாயும் விளையும் கற்பிட்டி மணற்றரையில், உவர்நீரின்மேல் மிதக்கும் சொற்ப நன்னீரை நம்பியே குடும்பங்கள் வாழ்கின்றன. உலகின் மிகத் தாழ்ந்த ஈர்ப்பு மட்டத்தின் ஓரத்தில் இருக்கும் இக்கரையில் நிரந்தர ஈர்ப்பளவைத் தானமொன்றை நிறுவி, மாரியிலும் கோடையிலும் அந்நன்னீரின் மட்டத்தைத் தொடர்ந்து அளந்து, அவ்வளவைகளை விவசாயிகளுக்கும் கிடைக்கச்செய்ய நமது பல்கலைக்கழகங்கள் முன்வரல் வேண்டும்.