நடுவயலில் நின்றால் என்ன செய்யும்? பழைய இன்லைன் பம்பு டிராக்டர்: ஒரு சோதனை

டிராக்டர் விமர்சனம் என்றால் குதிரைத்திறன், ஹைட்ராலிக் தூக்கும் எடை, மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று எழுதுவது வழக்கம். அதெல்லாம் ஓடுகிற வண்டிக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவருக்கு வேறொரு கேள்வி உண்டு: சேற்றுழவின் நடுவில் வண்டி நின்றுவிட்டால், மெக்கானிக் வருவதற்குள் நம்மால் எவ்வளவு பார்த்துவிட முடியும்? மூன்று சிலிண்டர், 40 எச்.பி.யை ஒட்டிய ஒரு பழைய வண்டியை இந்தக் கணக்கில்தான் பார்த்தேன். எந்தக் கம்பெனி என்பது பொருட்டில்லை. இந்த ரகத்தில் டீசல் போகும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான்.

நின்ற விதம்

ரோட்டவேட்டர் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டியதும் எஞ்சின் சத்தம் ஏறி இறங்கியது, இழுவை குறைந்தது, பிறகு ஆஃப் ஆனது. டீசல் போதாமல் போனால் வண்டி இப்படித் தள்ளாடித்தான் நிற்கும். ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் சட்டென்று நின்றிருந்தால், முதலில் ஸ்டாப்பர் கேபிளையோ, ஸ்டாப் சொலினாய்டுக்குப் போகும் ஒயரையோ பார்த்திருப்பேன்.

பி.டி.ஓ.வைத் துண்டித்து, கியரை நியூட்ரலில் போட்டு செல்ஃப் அடித்தேன். எஞ்சின் நன்றாகச் சுற்றியது. ஆக, பேட்டரியிலும் டெர்மினலிலும் குறை இல்லை. ஒரு மூச்சில் 10, 15 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது; இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது கண் சைலன்சரில் இருக்கட்டும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி அந்தச் சூட்டிலேயே டீசலை எரிக்கிறது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியும் அளவுக்குச் சூடு இல்லை என்று பொருள்: கம்ப்ரஷன் குறைவு, பம்பு டைமிங் பிசகு, இப்படி ஏதாவது. புகையே வராவிட்டால் நாசில் வரை டீசல் வரவில்லை. இங்கே புகையே இல்லை.

டேங்கிலிருந்து பம்பு வரை

காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டும். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை மண்ணால் அடைத்தாலே வண்டி நிற்கும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்றை இழுத்தால் குற்றவாளி அதுதான். இந்த வண்டியில் அது சுத்தம். டேப் திறந்திருந்தது. அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரோ கசடோ இல்லை. இந்தக் கிண்ணத்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம்: எதையும் கழற்றாமலே டீசலின் நிலை தெரிகிறது.

ஃபில்டர் மேலுள்ள பிளீடிங் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பிலுள்ள கைப்பிரைமரை அடித்ததும் நுரை நுரையாக வந்தது. ஏர் பிடித்திருக்கிறது. முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், பம்பு என்ற வரிசையில், நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். பிறகும் பிடிக்காவிட்டால் நாசில் யூனியன் நட்டைச் சற்றே தளர்த்தி செல்ஃப் அடிக்கலாம். அப்போது கை கிட்டே போகக் கூடாது. உயர் அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது சிறு காயமாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. சற்று ஓடி மறுபடி நின்றது. ஏர் எடுத்தும் திரும்ப வருகிறதென்றால் எங்கோ புகுகிறது. ஆனால் வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பலர் ஏமாறும் இடம் இது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே டீசலைப் பம்பு உறிஞ்சுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்.

இதை உறுதி செய்ய ஒரு சுத்தமான கேன் போதும். ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, வேறொரு டீசல் ஹோஸை மாட்டி, கேனிலுள்ள டீசலில் முக்கினேன். வண்டி நிற்காமல் ஓடியது. அப்படியென்றால் பம்பும் நாசிலும் நல்லவை. பழைய ரப்பர் குழாயைக் கிளாம்ப் கடித்த இடத்தில் வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு. குழாயும் கிளாம்பும் மாற்றியதோடு வேலை முடிந்தது. இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்திருந்தால் செலவு பல மடங்கு.

குறைகள்

பிரைமர் குமிழ் பைப்புகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. பக்கத் தகட்டைக் கழற்றாமல் கை போகாது. பிளீடிங் ஸ்குரூ மழுங்க வாய்ப்பு அதிகம். டீசல் முள் வேலை செய்யவில்லை என்பதால் குச்சி விட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்.

புதிய வண்டியோடு ஒப்பிட்டால்

2023 ஜனவரி முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 மாசு விதி வந்தது. அதற்காகப் பல கம்பெனிகள் காமன் ரெயிலுக்கு மாறின. புகை குறைவு, டீசல் அளவு துல்லியம். ஆனால் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும் அந்தப் பைப்பை வயலில் ஸ்பேனரால் தளர்த்தக் கூடாது; பல கோளாறுகளுக்கு ஸ்கேனர் வேண்டும். சர்வீஸ் சென்டர் பக்கத்தில் உள்ளவருக்கு அது சரி. தொலைவில் இருப்பவருக்கு இந்தப் பழைய ரகமே தோது.

வாங்கப் போகிறவர் கவனிக்க வேண்டியது: காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டினால் போதாது. கலப்பை போட்டு நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ரோட்டரி பம்பு வைத்த வண்டியில் இது இன்னும் அவசியம்: தேய்ந்த பம்பில், சூட்டில் இளகிய டீசல் உள்ளுக்குள்ளேயே கசிந்து, ஆறினால்தான் பிடிக்கும். அப்படி அடம்பிடித்தால் பம்பு வேலைக்கான தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.