நுங்கு வண்டி: ஆண்டுதோறும் மறுபிறவி எடுக்கும் ஊர்தி

அமெரிக்காவில் ஏ.எம்.டி. நிறுவனம் 1958 முதல் விற்ற கார் மாதிரித் தொகுப்புகள், அதாவது உண்மைக் காரை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் அடைத்தவை, பழைய எஃகு அச்சுகளிலிருந்து மீண்டும் வார்க்கப்பட்டு வெளிவரும்போது, அவற்றைப் பொறுமையாகக் கோத்து முடிப்பதில் ஆர்வலர்கள் பேரின்பம் காண்கின்றனர். தருமபுரி மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் நிற்கும் பனைகள், இதே இன்பத்தைக் கோடைதோறும் புதிதாக வார்த்துத் தருகின்றன.

சித்திரை, வைகாசி மாதங்களில் நுங்கைத் தோண்டி உண்டபின் எஞ்சும் காய்களில் ஒத்த பருமனுள்ள இரண்டைத் தேர்ந்து, ஒரு சாண் குச்சியின் இரு முனைகளிலும் நடுப்பிசகாமல் குத்தி, கவைக்குச்சி எனப்படும் இருகிளையாகப் பிரிந்த நீண்ட கோலை அதன்மேல் பொருத்தித் தள்ளினால் வண்டி ஓடுகிறது. ஈரநார் குச்சியை இறுகப் பற்றுவதால் சக்கரமும் அச்சும் ரயில் சக்கரம்போல ஒன்றாகச் சுழல, கவையின் இடுக்கு அச்சுத்தாங்கியாகிறது. குத்து சற்றே விலகினாலும் வண்டி நொண்டும் என்பதால், சிறுவரின் கண்ணும் கையும் அங்கே துல்லியம் பழகுகின்றன.

சில நாளில் காய் வாடிச் சுருங்கினாலும் இழப்பு ஏதுமில்லை. அதை வார்க்கும் அச்சு மரத்திலேயே இருக்கிறது. பனையைக் காப்பது, அத்தகைய அரிய அச்சைக் காப்பதேயாகும்.