சொன்ன ஆழம், சொன்ன திசை: தொடக்ககால டார்பிடோ மரபுகள்

பெரு நாட்டுப் போர்க்கப்பல் உவாஸ்கர் இரண்டு முறை டார்பிடோவிடமிருந்து தப்பியது. 1877 மே மாதம், கிளர்ச்சியாளர் வசம் அது இருந்தபோது, பிரிட்டனின் ‘ஷா’ கப்பல் அதன்மீது ஒரு வைட்ஹெட் டார்பிடோவை ஏவியது. உவாஸ்கர் திரும்பி விலகிப் போக, டார்பிடோவால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. 1879 ஆகஸ்டில் ஆன்டோஃபகாஸ்டா துறைமுகத்தில் வந்ததோ உவாஸ்கர் தானே ஏவியது. கம்பி வழியே திருப்பப்படும் லே டார்பிடோ அது. எதிரியை நோக்கிப் போன அது வளைந்து தாய்க்கப்பலையே தேடி வந்தது. லெப்டினன்ட் தியேஸ் கன்செகோ கடலில் குதித்து அதைத் திசைமாற்றிக் கப்பலைக் காத்தார்.

டார்பிடோவின் தரத்தை எடைபோட எனக்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகளே போதும். வெடிமருந்து எவ்வளவு என்ற கேள்வி பிறகு வரட்டும். சொன்ன ஆழத்தில், சொன்ன திசையில் அது ஓடுமா என்பதே முதல் கேள்வி.

அதற்கு முதலில் விடை தேடியது ஃபியூமே, இன்றைய குரோவேஷியாவின் ரியேக்கா நகரம். ஆஸ்திரியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஜொவானி லூப்பிஸ், கரையிலிருந்து கயிற்றால் திருப்பும் வெடிபடகு ஒன்றை யோசித்திருந்தார். அங்கே தொழிற்சாலை நடத்திய ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் வைட்ஹெட் கயிற்றைக் கைவிட்டு, அழுத்தக் காற்றால் நீருக்கடியில் ஓடும் கருவியை 1866இல் செய்து காட்டினார். ஓடியது, ஆழம்தான் நிற்கவில்லை. நீரின் அழுத்தத்தை உணர்ந்து கிடைச் சுக்கானைத் திருப்பும் வால்வைப் பொருத்தினார். அது மட்டும் போதவில்லை. குறித்த ஆழத்தைத் தொட்டதும் சுக்கான் நேராகிவிடும். மூக்கு இன்னும் கீழ்நோக்கியே இருப்பதால் டார்பிடோ மேலும் இறங்கும். பிறகு ஏறும்போதும் அதே மிகை. 1868இல் வால்வோடு ஓர் ஊசலை இணைத்தார். மூக்கு சாய்ந்தால் ஊசல் அதை உணர்ந்து சுக்கானை முன்கூட்டியே திருத்திவிடும். ஏற்ற இறக்கம் அடங்கியது. வைட்ஹெட் செய்த எல்லாவற்றிலும் இதுவே பெரிது என்பேன். கடற்படைகள் இதை ‘ரகசியம்’ என்றே அழைத்தன.

பாதையில் வலைகளைத் தொங்கவிட்டு, துளை விழுந்த இடத்தைப் பார்த்து ஆழத்தையும் திசையையும் அளந்தார்கள். இதைவிட நேர்மையான தேர்வு இருக்க முடியாது. 1870இல் மெட்வே ஆற்று முகத்துவாரத்தில் நடந்த சோதனைகளில் ‘ஏக்லே’ என்ற பழைய கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. மறு ஆண்டு 15,000 பவுண்டு கொடுத்து பிரிட்டன் உரிமையை வாங்கியது. போர்ட்ஸ்மவுத்தில் ‘வெர்னான்’ கப்பல் டார்பிடோ பயிற்சிப் பள்ளியானது.

மாலுமியின் வேலை ஏவுவதோடு முடியவில்லை. வெடிமுனைக்குப் பதில் பயிற்சி முனை மாட்டி ஓடவிட்ட டார்பிடோவைத் தேடி மீட்டு, பிரித்து, துடைத்து, எண்ணெயிட வேண்டும். உள்ளே தங்கிய உப்புநீர் எஃகை அரித்தால் அடுத்த ஓட்டம் கெடும். பெர்லினின் ஷ்வார்ட்ஸ்கோப் நிறுவனம் இதற்காகவே துருவேறாத பாஸ்பர் வெண்கலத்தில் செய்தது. விலை கூடினாலும் உப்புக்காற்றில் கிடக்கும் கருவிக்கு அதுவே புத்திசாலித்தனம்.

திசை நெடுநாள் தகராறாகவே இருந்தது. ஒவ்வொரு டார்பிடோவுக்கும் ஒரு பக்கம் இழுக்கும் குணம் உண்டு. ஓடவிட்டுப் பார்த்து, அதற்கேற்ப செங்குத்துத் தகடுகளைத் தனித்தனியாகச் சரிசெய்வார்கள். அமெரிக்கரான ஜான் ஹாவெல் வேறு வழி கண்டார். சுமார் 60 கிலோ எடையுள்ள சுழல்சக்கரத்தை ஏவுமுன் நீராவியால் நிமிடத்துக்கு 10,000 சுற்று வரை முடுக்கிவிட்டார். அந்தச் சுழற்சியே உந்துசக்தி. அதுவே திசையையும் காத்தது. நீர்ப்பரப்பில் குமிழித்தடமும் இல்லை. ஆனால் எட்டும் தூரம் 400 கஜம் அளவே. ஏறக்குறைய 50 செய்ததோடு அமெரிக்கக் கடற்படையும் வைட்ஹெட் பக்கம் திரும்பியது.

1890களில் லுட்விக் ஓப்ரியின் ஜைரோஸ்கோப்பை ஃபியூமே ஏற்றுக்கொண்ட பிறகுதான் திசையும் வசப்பட்டது. அதற்குப் பிறகும், 1904 பிப்ரவரியில் போர்ட் ஆர்தரில் நங்கூரமிட்டு நின்ற ரஷ்யக் கப்பல்கள்மீது ஜப்பானிய நாசகாரிகள் ஏவிய 16 டார்பிடோக்களில் 3 மட்டுமே பட்டன. அடிபட்ட செசரேவிச், ரெத்விசான், பல்லாடா மூன்றும் பழுதுபார்க்கப்பட்டு அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் போருக்குப் புறப்பட்டன.