உழவும் ஓய்வும்: எரிக் பரோனின் 'ஸ்டார்டியூ வேலி' – ஒரு திறனாய்வு

முன்னுரை

கணினி விளையாட்டைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், ஒரு படைப்பு தன் ஆசிரியரின் உலக நோக்கை நமக்கு உணர்த்துமாயின், அதன் ஊடகம் எதுவாயினும் அது திறனாய்வுக்கு உரியதாகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த எரிக் பரோன், 'கன்சர்ன்ட்ஏப்' என்னும் புனைபெயரில் உருவாக்கி 2016 பிப்ரவரி 26ஆம் நாள் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' அத்தகையதொரு படைப்பாகும். 2024ஆம் ஆண்டு இறுதிக்குள் 41 மில்லியன் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று என்பது அதன் பரவலைக் காட்டும், தரத்தைக் காட்டாது. தரத்தை அளப்பதற்குத் தமிழ் மரபு ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. முதல், கரு, உரி என மூன்றாகப் பொருளைப் பகுத்து, அவை ஒன்றினும் ஒன்று சிறந்து வரும் எனக் காண்பது தொல்காப்பிய நெறி. அந்நெறி வழிநின்று இப்படைப்பையும், அதனோடு பிணைந்த ஆசிரியரின் உழைப்பு வாழ்வையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆசிரியரின் உழைப்பு

பரோன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டக்கோமா வளாகத்தில் கணினி அறிவியல் பயின்று 2011இல் பட்டம் பெற்றார். வேலை தேடும் காலத்தில் தம் நிரலாக்கத் திறனை வளர்த்துக்கொள்ளும் பயிற்சியாகவே இவ்விளையாட்டைத் தொடங்கினார். 1996இல் ஜப்பானில் வெளிவந்து, பின்னர் ஆங்கிலத்தில் 'ஹார்வஸ்ட் மூன்' எனப் பெயர்பெற்ற உழவு விளையாட்டே அவருக்கு முன்மாதிரி. சில மாதங்களில் முடியும் எனக் கருதிய பணி நான்கரை ஆண்டுகள் நீண்டது. நிரல், ஓவியம், இசை, உரையாடல் ஆகிய நான்கையும் அவர் ஒருவரே செய்தார். பாத்திரங்களின் முகப்படங்களைப் பலமுறை அழித்து மீண்டும் வரைந்தார்.

இவ்வரலாறு இன்று ஏறத்தாழ ஒரு தொன்மமாகவே சொல்லப்படுகிறது. தனியொருவர் அறைக்குள் இருந்து உலகை வென்றார் என்பது அதன் சாரம். இத்தொன்மத்தை நாம் சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். அவ்வாண்டுகளில் பரோன் சியாட்டில் நகரின் பாரமவுண்ட் அரங்கில் பகுதி நேரமாகப் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தார். குடும்பச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கியது, படித்துக்கொண்டே வேலைக்கும் சென்ற அவருடைய வாழ்க்கைத் துணையின் வருவாய். விளையாட்டை வெளியிட்டதும், பின்னர் பலர் இணைந்து ஆடும் வசதிக்குத் துணைநின்றதும் 'சக்கிள்ஃபிஷ்' என்னும் நிறுவனம். படைப்பு ஒருவருடையது, அதைச் சாத்தியமாக்கிய உழைப்பு ஒருவருடையதன்று. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு இவ்வரலாற்றை இளம் படைப்பாளர்க்கு முன்மாதிரியாக நிறுத்துவது, தாங்குவார் இல்லாத பலரைத் தவறான வழியில் செலுத்துவதாகும்.

முதலும் கருவும்

பெருவணிக நிறுவனமாகிய ஜோஜாவின் அலுவலகத்தில் சோர்ந்து அமர்ந்திருக்கும் ஒருவர், பாட்டனார் விட்டுச்சென்ற மடலைப் பிரிக்கிறார். அவர் வழங்கிய நிலத்தைத் தேடிப் பெலிகன் டவுன் என்னும் சிற்றூருக்குச் செல்கிறார். ஆடுபவர் ஏற்கும் பாத்திரம் இவரே. புதர் மண்டிய நிலத்தைத் திருத்துவது, விதைப்பது, நீர் பாய்ச்சுவது, அறுவடை செய்து விற்பது, ஊராரோடு பழகுவது ஆகியனவே ஆட்டம்.

இப்படைப்பின் முதற்பொருள் செம்மையானது. ஓர் ஆண்டுக்கு நான்கு பருவங்கள். பருவத்திற்கு 28 நாள்கள். ஒரு முழுநாள் ஏறத்தாழ 14 நிமிடங்களில் கழிகிறது. காலை ஆறு மணிக்குக் கண்விழிக்கும் உழவர் பின்னிரவு இரண்டு மணிக்குள் படுக்கைக்குத் திரும்பாவிடில் மயங்கி விழுவார். உடல் ஆற்றலுக்கும் வரம்புண்டு. பருவம் மாறினால், அடுத்த பருவத்திற்கு ஒவ்வாத பயிர் ஒரே இரவில் பட்டுப்போகும். பெரும்பொழுதும் சிறுபொழுதும் மனிதச் செயலை ஆளுகின்ற இவ்வமைப்பு, பொழுதைப் பின்னணியாகக் கொள்ளாமல் பொருளாகவே கொண்டது. கருப்பொருளும் வளமானது. எந்த மீன் எந்த நீரில், எந்தப் பருவத்தில், எந்த வேளையில் கிடைக்கும் என்பது வரை நுட்பமாக வகுக்கப்பட்டுள்ளது. மழைநாளின் ஓசையும் பனிக்காலத்தின் வெறுமையும் ஒருவர் கையால் வந்தமையால் ஒரே குரலில் பேசுகின்றன.

ஆயின், இக்கருப்பொருளின் இயக்கத்திற்குள் ஒரு முரண் உள்ளது. கதை ஜோஜாவை மறுக்கிறது. ஊரில் பாழடைந்து கிடக்கும் சமூக மன்றத்தை விளைபொருள்களால் மீட்கலாம். அல்லது ஜோஜாவின் உறுப்பினராகி அதைக் கிடங்காக மாற்றிவிடலாம். எது நல்வழி என்பதில் ஆசிரியருக்கு ஐயமில்லை. எனினும், நல்வழியில் செல்பவரும் மெல்ல மெல்லத் தானியங்கி நீர்த்தெளிப்பான்களை நிறுவுகிறார். கொட்டகை நிறைய மதுப்பீப்பாய்களை அடுக்குகிறார். எப்பயிர் மிகுந்த ஆதாயம் தரும் எனக் கணக்கிடுகிறார். அலுவலகத்தை விட்டு ஓடி வந்தவர் தம் நிலத்தையே ஆலையாக்கிவிடுகிறார். கதையில் தோற்ற ஜோஜா ஆட்டத்தின் விதிகளில் வென்றுவிடுகிறது.

உரிப்பொருளின் குறை

மூன்றனுள் தலையாய உரிப்பொருளிலேதான் இப்படைப்பு தளர்கிறது. பாத்திரங்கள் வலுவாகவே தொடங்குகின்றனர். மதுவில் மூழ்கி வாழ்வை வெறுக்கும் ஷேன், போரிலிருந்து திரும்பி இயல்பு வாழ்வுக்கு மீள முடியாத கென்ட் ஆகியோர் உழவு விளையாட்டில் எதிர்பாராத ஆழம் கொண்டவர்கள். ஆனால், அவர்கள் மனத்தைத் திறக்கும் வழி பரிசுப்பொருள். வாரத்திற்கு இருமுறை விரும்பியதைக் கொடுத்தால் நெஞ்சக் குறி ஏறும். குறித்த அளவை எட்டினால் உணர்ச்சிமிகு காட்சி வரும். அது முடிந்தபின் அவர் பழகிய சில தொடர்களையே திரும்பத் திரும்பச் சொல்வார். நட்பும் காதலும் இங்கே மற்றுமொரு பயிராகிவிடுகின்றன.

மேலும், பொழுது சுழல்கிறதே அன்றிக் காலம் நகர்வதில்லை. எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் முதியவர் இறப்பதில்லை. பிறந்த குழந்தை தத்தித் தவழும் பருவத்தைக் கடப்பதில்லை. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் பாட்டனாரின் ஆவி தோன்றி உழவரின் வாழ்வை மதிப்பிடுகிறது. அதுவே காலம் உண்மையாக நகரும் அரிய தருணம். எனினும் ஒரு வைரத்தைப் படைத்தால் மதிப்பீட்டை மீண்டும் பெறலாம். இழப்பில்லாத இடத்தில் ஆறுதல் உண்டு. ஆனால், உரிப்பொருள் தழைப்பதற்கு இழப்பும் வேண்டும்.

தொடரும் பணிகள்

படைப்புக்குள் காணும் இம்முடிவின்மை ஆசிரியரின் வாழ்விலும் தொடர்வதை நாம் காண்கிறோம். வெளியீட்டோடு அவர் பணி நிற்கவில்லை. 2018இல் பலர் சேர்ந்து ஆடும் வசதி, 2020 டிசம்பரில் புதியதொரு தீவு, 2024 மார்ச்சில் 1.6 பதிப்பு என விரிவாக்கங்கள் வந்தன. பிற்கால விரிவாக்கங்களில் வேறு சிலரும் துணைசெய்தனர். வாங்கியவர்க்கு இவை அனைத்தும் இலவசம். இனியும் இத்தகைய விரிவாக்கங்களுக்குப் பணம் பெறுவதில்லை எனப் பரோன் 2024இல் வெளிப்படையாக உறுதி கூறினார். விளையாட்டுத் துறை சிறுசிறு கூறுகளையும் தனித்தனியே விலைபேசும் காலத்தில் இது போற்றத்தக்க அறம். ஜோஜாவை மறுத்த கதைக்கு ஆசிரியர் தம் செயலால் எழுதிய உரை எனவும் இதனைக் கொள்ளலாம்.

ஆனால், கொடைக்கும் விலையுண்டு. 2021 அக்டோபரில் அவர் 'ஹான்டட் சாக்லட்டியர்' என்னும் இரண்டாம் படைப்பை அறிவித்தார். ஆவிகள் உலவும் கோட்டையில் வாழ்ந்து, அரிய பொருள்களைத் திரட்டிச் சாக்லட் செய்து, கடை நடத்துவது அதன் கரு. 1.6 பதிப்பின் பணி இடைப்பட்டதால் அது பின்தள்ளப்பட்டது. 2024 இறுதிவரை வெளிவரவில்லை. வாசகர் அன்பினால் முதல் நூலையே திருத்திக்கொண்டிருக்கும் எழுத்தாளரின் நிலை இது. திரட்டல், ஆக்கல், விற்றல் என்னும் அதே சுழற்சி அறிவிக்கப்பட்ட வடிவிலும் தெரிகிறது. ஆவிகளைத் துணையாகக் கொண்ட அக்களத்திலேனும் இறப்பும் இழப்பும் அழகுப் பொருளாக நில்லாது உரிப்பொருளாக உயர வேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு.

முடிவுரை

'ஸ்டார்டியூ வேலி' முதலாலும் கருவாலும் சிறந்து, உரியால் குறைவுற்ற படைப்பு என்பது நமது முடிவு. உழைப்பின் சோர்வுக்கு மாற்றாக அது இன்னோர் உழைப்பையே தருகிறது. இருப்பினும், தன் கைவினையைத் தானே கண்டு மகிழும் உழைப்பு அது என்பதனால்தான் மக்கள் அதை ஓய்வு எனக் கொள்கின்றனர். அம்மகிழ்ச்சியை அவர்க்கு அளித்தவர், தம் நிலத்தை விட்டு அகல முடியாத உழவராக நிற்கிறார். விதைத்ததைக் காப்பது உழவரின் கடன். ஒரு நிலத்தைத் தரிசாக விட்டு மற்றொன்றில் ஏர் பூட்டத் துணிவதும் உழவுத் தொழிலே.