ஜாவாச் சாலையில் ஆலுவாப் பேருந்து

கணினி விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் தராத வண்டி, களம், பாத்திரம் முதலியவற்றை ஆடுபவர்களே செய்து அதற்குள் சேர்ப்பதை ‘மோட்’ என்பர். 1993இல் வந்த ‘டூம்’, படங்களும் ஒலிகளும் அடங்கிய கோப்பை விளையாட்டின் இயக்கு நிரலிலிருந்து பிரித்து வைத்ததால் இவ்வழக்கம் வேரூன்றியது. 1998இல் வெளியான ‘ஹாஃப்-லைஃப்’ மீது ஆடுபவர்கள் கட்டியெழுப்பிய ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’கை வால்வ் நிறுவனமே 2000இல் தனி விளையாட்டாக வெளியிட்டது. துப்பாக்கி விளையாட்டுகளை மையமிட்டே எழுதப்பட்டுவரும் இந்த வரலாற்றில் கேரளத்தின் பேருந்து மோட்களுக்கு இதுவரை உரிய இடம் கிடைக்கவில்லை.

இந்தோனேசியாவின் மலியோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ கைபேசியில் இலவசமாக ஆடக் கிடைப்பது. வண்டிக்குப் புதுச் சாயம் பூசவும், புதிய வண்டியையே சேர்க்கவும் இடம் தருவது. இந்தோனேசியாவிலும் வாகனங்கள் இடப்புறமே செல்வதால், ஓட்டுநர் இருக்கை வலப்பக்கமும் பயணிகள் கதவு இடப்பக்கமும் கொண்ட கேரளப் பேருந்தை எதையும் திருப்பிப் போடாமல் அதில் இறக்கிவிட முடிந்தது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி.யின் சிவப்பு மஞ்சள் வண்டி ஜாவாவின் சாலைகளில் ஓடத் தொடங்கியது இப்படித்தான்.

இதில் வேலை இருவகைப்படும். ‘லிவரி’ என்பது வண்டியின் மேற்பூச்சு. பேருந்தின் இரு பக்கங்களும் முகப்பும் பின்புறமும் பிரித்து விரித்த அட்டைப்பெட்டி போல ஒரே படக்கோப்பில் பரப்பப்பட்டிருக்க, அதன்மீது நிறமும் பெயரும் ஓவியமும் தீட்டப்படுகின்றன. வண்டி மோட் இதைவிடக் கடினமானது. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் உடல், கண்ணாடி, சக்கரம், விளக்கு ஆகியவற்றைத் தனித்தனியே வடித்து, விளையாட்டு ஏற்கும் கோப்பாக மாற்ற வேண்டும். ஆலுவாவிலிருந்து இடப்பள்ளி, தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரி செல்லும் தனியார் பேருந்தைச் செய்ய முனைபவர், நகரப் பேருந்துக்குப் பச்சை, சாதாரணத்துக்கு நீலம், லிமிடெட் ஸ்டாப்புக்கு மெரூன் என்று 2018இல் வந்த நிற ஒழுங்கை அறிந்திருக்க வேண்டும். ஊர்ப்பலகையின் மலையாள எழுத்து எந்த அளவில் இருக்கும், மழைக்கு இறக்கும் ஷட்டர் சன்னலில் எங்கே முடியும் என்பதையும் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். அன்றாடம் ஏறி இறங்கும் வண்டியை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்த வேறு ஆவணம் அரிது.

சுற்றுலாப் பேருந்துகளின் விஷயத்தில் இந்தக் கவனிப்பின் மதிப்பு இன்னும் கூடுகிறது. 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில், முளந்துருத்தியிலிருந்து ஊட்டிக்குப் பள்ளி மாணவர்களுடன் சென்ற சுற்றுலாப் பேருந்து கே.எஸ்.ஆர்.டி.சி. வண்டியின் பின்புறம் மோதி 9 பேர் உயிரிழந்ததை அடுத்து, சுற்றுலாப் பேருந்துகள் வெள்ளை நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி கறாராக நடைமுறைக்கு வந்தது. வேகத்தையும் கண்கூசும் விளக்குகளையும் கட்டுப்படுத்துவதில் அரசு காட்டிய கடுமை நியாயமானது; அதே வேளையில், பட்டறை ஓவியர்கள் பல ஆண்டுகளாக வளர்த்த வண்ணக்கலை ஒன்றும் சாலையிலிருந்து மறைந்தது. அதன் வடிவங்கள் பல இன்று முழுமையாகப் பார்க்கக் கிடைப்பது லிவரிக் கோப்புகளில்தான். கலை வரலாற்றாளர்கள் இவற்றைச் சிறுவர் விளையாட்டென்று ஒதுக்கிவைப்பது பெரும் இழப்பு.

உரிமைச் சிக்கலும் இல்லாமல் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே வகைப்படுத்துகிறது; ஆகவே விளையாட்டின் நிரலுக்கு அதை உருவாக்கிய நிறுவனம் உரிமை கோரலாம். தன் பெயர்ச்சுருக்கமும் யானைச் சின்னமும் வணிகக்குறியாகப் பதிவாகியிருப்பதாகக் கேரளப் போக்குவரத்துக் கழகம் 2021இல் அறிவித்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, வண்டியை வடித்தவரின் பெயரைக் காப்பதற்கு நடைமுறையில் எந்த ஏற்பாடும் இல்லை. பிறர் பெயர் மாற்றிப் பரப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில் மோட் செய்பவர்கள் கோப்பைப் பூட்டுகிறார்கள். கடவுச்சொல்லை யூடியூப் காணொளிக்குள் ஓரிடத்தில் வைத்து, பார்த்தவர் மட்டும் திறக்கும்படி செய்கிறார்கள். காணொளி நீக்கப்பட்டால் கடவுச்சொல்லும் அதனுடன் போய்விடும். கோப்பு கையில் இருந்தும் வண்டியை வெளியே எடுக்க வழியிராது.