டூப்ளேயின் கோட்டையும் சம்பா கோயில் சுவரும்

புதுச்சேரியில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரின் பிரெஞ்சுக்கால வரலாறு எப்படிச் சொல்லித் தரப்படுகிறது என்று பார்த்தால் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் வந்தார். 1742இல் டூப்ளே ஆளுநரானார். கிளைவ் எழுந்தார், டூப்ளே விழுந்தார். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். அப்புறம் ஒரே தாவாகத் தாவி 1954, விடுதலை. நடுவில் இருநூறு வருஷம் இந்த ஊரில் யார் இருந்தார்கள், யார் கல் சுமந்தார்கள், யார் கப்பலில் ஏற்றப்பட்டார்கள் என்பதெல்லாம் பாடத்தில் கிடையாது. புல்வாருக்கு வெளியே எங்கள் சேரியில் நான் நடத்துகிற மாலை வகுப்பில் ஆறிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு டூப்ளேயைத் தெரியும். கடற்கரையில் சிலையாக நிற்கிறார் அல்லவா!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதுச்சேரிப் பிள்ளை படித்த பாடநூல் ஒருநாளும் புதுச்சேரியினுடையதாக இருந்ததில்லை. பல ஆண்டுகள் இங்கேயும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் புத்தகம், மாஹேயில் கேரளப் புத்தகம், ஏனாமில் ஆந்திரப் புத்தகம். 2023-24 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் மத்தியப் பாடத்திட்டம் வந்துவிட்டது, இனி தில்லிப் புத்தகம். சென்னையிலிருந்து வந்தாலும் தில்லியிலிருந்து வந்தாலும் இந்த ஊர் அதில் ஒரு கோட்டையாகத்தான் வருகிறது. கோட்டைக்குள் துரை இருப்பார், கோட்டை வாசலில் துபாஷ் இருப்பார். அதோடு சரி.

அந்தத் துபாஷிடமிருந்துதான் நான் வகுப்பைத் தொடங்குகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இதற்குச் சில வரிகள் உண்டு: பிரெஞ்சு வணிகத்தை அறிய உதவும் முக்கியச் சான்று. உண்மைதான். ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளியிட்டார்கள். நம் தமிழ்த்துறைகளிலும் இதைக் கொண்டாடுகிறார்கள். உரைநடை வளர்ச்சிக்குச் சான்று, பேச்சுத்தமிழின் களஞ்சியம் என்றெல்லாம் எம்.ஏ.வில் நானும் பரீட்சை எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தப் பிரதியை யார் எழுதினார், யாரைப் பற்றி எழுதினார், யாருக்குப் பெயர் கொடுத்தார், யாருக்குக் கொடுக்கவில்லை என்கிற கேள்விகளோடு வாசிக்க எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

1745 அக்டோபரில் ஒரு பதிவு இருக்கிறது. சம்பா கோயிலில், அதாவது இன்றைக்கு மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா கோயில் இருக்கிற இடத்தில் அப்போது இருந்த கோயிலில், நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும் சட்டைக்காரர்களும். காரைக்காலிலிருந்து வந்த சாமியார் ஒருவர் இது தகாது என்கிறார். பெரிய பறைச்சேரி, சின்னப் பறைச்சேரி ஆட்கள் திரண்டு மூத்த சாமியாரிடம் போகிறார்கள். போய்க் காலில் விழவில்லை, வாதம் பண்ணுகிறார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, கடவுள் பேதம் பார்க்கவில்லையென்றால் நீங்கள் எப்படிப் பார்க்கலாம், காரணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். சாமியாரிடம் பதில் இல்லை. சுவர் இடிகிறது. அன்று சாயங்காலப் பூசையில் எல்லோரும் கலந்து நிற்கிறார்கள். உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டம் போட்டு, கோயிலுக்கே வரமாட்டோம் என்று நின்று, விவகாரம் ஆளுநர் டூப்ளே வரைக்கும் போகிறது.

பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 வருஷம் முன்னால் நடந்தது இது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிள்ளைகள் மனப்பாடம் பண்ணுகிறார்களே, அதற்கு 44 வருஷம் முன்னால் எங்கள் சேரி ஆட்கள் சமத்துவத்துக்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள்.

இதை ஆனந்தரங்கர் ஏன் எழுதினார்? சேரியின் மீதுள்ள பாசத்தாலா? அப்போது தலைமைத் துபாஷாக இருந்தவர் கனகராய முதலியார், கிறிஸ்தவர். 1746இல் அவர் இறந்தபின் அந்தப் பதவிக்கு வந்தவர் ஆனந்தரங்கர். போட்டிக்காரரின் மதத்தார் வீட்டில் நடந்த சண்டை, எனவே சுவாரசியம். அவர் எழுதியது ஒன்றுக்காக, நமக்குக் கிடைத்தது வேறொன்று. இதை எதிர் வாசிப்பு என்று பெரிய வார்த்தையில் சொல்வோம். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம், "ஒங்க பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைய எதிர்வீட்டம்மா சொன்னா எப்படிச் சொல்லும்?" என்று கேட்டால் போதும், புரிந்துகொள்கிறாள்.

வகுப்பில் அந்தப் பதிவை என் வார்த்தையில் சொல்லி முடித்ததும் ஒரு பையன் கேட்டான்: "சுவத்த இடிச்சது யாருக்கா? சாமியாரா, நம்ப ஆளுங்களா?" பதிலாக இன்னொருத்தி, "போனவங்க பேரு என்னாக்கா?" என்றாள். சேரிக்குப் பெயர் இருக்கிறது, போனவர்களுக்குப் பெயர் இல்லை. துரைமாருக்குக் கொடுத்த வெகுமதியெல்லாம் விவரமாக எழுதப்பட்ட நாட்குறிப்பில் இவர்கள் வெறும் கூட்டம். அதே பிரதியில் 'தமிழர்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பல இடங்களில் அது சாதிக்காரரைத்தான் குறிக்கிறது, பறையர் தனியாக எண்ணப்படுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் தாள்களிலும் 'மலபார்' வேறு, 'பறையா' வேறு. தமிழர் வரலாறு, தமிழர் பெருமை என்று மேடை போடுகிற தோழர்கள் அந்தச் சொல்லுக்குள் நாம் எந்த வருஷம் சேர்க்கப்பட்டோம் என்று ஒருநாளாவது யோசித்ததுண்டா?

பிரெஞ்சுக்காரன் வந்தான், நமக்கு விடிந்தது என்று எழுதுகிற நம்மவர்களோடும் எனக்குத் தகராறு உண்டு. சுவரை இடித்ததைச் சாமியாரின் கருணைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அதே டூப்ளே காலத்தில் இந்தக் கரையிலிருந்து ஆட்களைப் பிடித்து மொரீசுக்கும் ரீயூனியனுக்கும் அடிமையாகக் கப்பலேற்றினார்கள். புரட்சிக்குப் பின்னாலாவது மாறியதா? 1819 ஜனவரி 6 ஆணை பிரெஞ்சுச் சட்டத்தை இங்கே அமலாக்கியது. அதே ஆணைதான், இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பு என்றும் சொன்னது. பாரீசில் குடிமகன், புதுச்சேரியில் சாதிமகன். 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததும், விடுதலையான கறுப்பர்கள் விட்டுப்போன கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிய துறைமுகங்களில் புதுச்சேரியும் காரைக்காலும் உண்டு. 1853இல் மர்த்தினிக்குக்கு முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. அந்தத் தீவுக்கு ஏறத்தாழ 25,000 பேர், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். ஏழாம் வகுப்பு உலகப்படத்தில் இந்தத் தீவுகளைத் தேடிக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் விரல்வைத்துத் தேடுகிற அழகைப் பார்க்க வேண்டும்.

செருப்புக் கதை ஒன்று இங்கே பிரசித்தம். 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். தடுத்தார்கள். பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். நல்ல போராட்டம்தான், சொல்லித் தரட்டும். ஆனால் சப்பாத்து வேண்டும் என்று அவர் வழக்காடியபோது எந்தச் செருப்பையும் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாதவர்கள் யார் என்ற கேள்வியையும் பக்கத்தில் வைக்க வேண்டாமா? 1881 செப்டம்பர் 21 ஆணையை அடுத்து இதே பொன்னுத்தம்பி சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்படித் துறந்தவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர். சாதிப் பெயர் ஒட்டாத ஒரு பெயருக்காகப் பிரெஞ்சுப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். உடனே 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள். வெள்ளையர் ஒன்று, துறந்தவர் ஒன்று, துறக்காதவர் ஒன்று. துறந்தவரை வெள்ளையரோடு சேர்க்க மனசு வரவில்லை! என் வகுப்பில் ஒரு பையனின் கொள்ளுத்தாத்தா பெயர் பிரெஞ்சுப் பெயர், இந்தோசீனாவில் சொல்தாவாக இருந்தவர். "எங்க தாத்தா வெள்ளக்காரன்னு கிண்டல் பண்றாங்கக்கா" என்றவன், அந்தப் பெயர் எதற்காக எடுக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு அதை நோட்டு அட்டையில் எழுதிவைத்திருக்கிறான்.

1936 ஜூலை 30இல் எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், 1937இல் அந்தச் சட்டம் வந்ததையும் ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம், பேசுகிறேன். 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பில் ஊரே ஓட்டுப் போட்டதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போட்டவர்கள் 178 பிரதிநிதிகள். இணைப்புக்கு 170, எதிராக 8. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்.

"பிஞ்சு மனசுல ஏங்க சாதிய வெதைக்கறீங்க?" என்று ஒரு பள்ளி ஆசிரியர் என்னிடம் கேட்டார். நல்ல மனுஷர்தான். ஆறாவதில் உதவித்தொகை விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிகள் ஆணை வந்தது 1964இல். அதற்கு முன்னாலிருந்தே இங்கே குடியிருந்ததற்குத் தாள் எங்கே என்று கேட்டால், எரவாணத்தில் செருகியிருந்த பிரெஞ்சுக்காலத் தாளை அப்பா தேடுகிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கிறது. பிரெஞ்சு ஆட்சி எப்போது முடிந்தது, இந்த ஆணை எப்போது வந்தது என்பது அந்தப் பிள்ளைக்கு ஒரு மார்க் கேள்வியல்ல, படிப்புச் செலவு. ஏற்கெனவே விதைத்து முளைத்துக் கிடப்பதற்குப் பெயர் சொல்லித் தருகிறோம், அவ்வளவுதான்.

சம்பா கோயில் சுவர் பற்றி ஐந்து பக்கத்தில் எழுதி நகலெடுத்து வைத்திருக்கிறோம். ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் தோழர்கள் வாங்கிப் பயன்படுத்தலாம். அடுத்தது செருப்பும் பெயரும். பாட்டன் பூட்டன் சொல்தா கதை வைத்திருப்பவர்கள் சொன்னால் எழுதிக்கொள்வோம்.

போன பருவத் தேர்வில் ஆனந்தரங்கர் நாட்குறிப்பின் முக்கியத்துவம் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. எங்கள் பெண் ஒருத்தி பிரெஞ்சு வணிகத்தை எழுதிவிட்டு, கடைசியில் சுவரையும் ஐந்து வரி எழுதியிருந்தாள். மூன்று கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'பாடத்தில் இல்லை'. அந்த விடைத்தாளை வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த நகலில் முதல் பக்கமாகச் சேர்க்கப்போகிறோம்.